யார் வீட்டுக்கு யார் வந்தது?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் என் மகன் வேலை பார்க்கிறான். செப்டம்பர் 15 முதல் ஒரு மாதம் 'ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம்' என்று ஆபீஸில் தோரணம் கட்டி டாகோ விருந்து வைக்கிறார்களாம். பிழைக்க வந்த மெக்சிகோக்காரர்களுக்கு அமெரிக்காவில் தனி விழா எதற்கு? வந்த இடத்தோடு கலந்துவிட வேண்டியதுதானே?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சான் அன்டோனியோவை ஸ்பானியர்கள் நிறுவியது 1718-ல். அமெரிக்கா என்றொரு நாடே அப்போது கிடையாது. பிறகு அது மெக்சிகோவின் ஊர். 1836-ல் டெக்சஸ் பிரிந்தது, 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அடுத்து மூண்ட போரில் தோற்ற மெக்சிகோ, 1848 ஒப்பந்தத்தில் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா என்று தன் நிலத்தை இழந்தது. அங்கே குடியிருந்தவர்களில், 'நாங்கள் மெக்சிகோ பிரஜைகளாகவே இருக்கிறோம்' என்று ஒரு வருஷத்துக்குள் சொல்லாதவர்கள் அமெரிக்கர்கள் ஆகிவிட்டார்கள். 'நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது' என்று அவர்கள் வழியில் வந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த ஊருக்குப் பிழைக்கப் போனவர் உங்கள் மகன்தான். தப்பில்லை, நன்றாக இருக்கட்டும்.

இன்னொன்று, எல்லோரும் மெக்சிகோக்காரர்கள் இல்லை. ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளின் வழியில் வந்தவர். லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்க வழியினர். 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்று பதிந்தவர்கள் 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். மெக்சிகோ வழியினர் பாதிக்கு மேல். மீதிப் பேர் கியூபா, டொமினிக்கன் குடியரசு, எல் சல்வடோர் என்று பல ஊர். அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் தீவான போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். நியூயார்க் வர விசா எதுவும் வேண்டாம். இது ஒரு இனமும் இல்லை. கறுப்பர் உண்டு, வெள்ளையர் உண்டு, வீட்டில் ஸ்பானிஷே பேசாத குவாத்தமாலாவின் பூர்வகுடிகளான மாயா மக்களும் உண்டு. பிரேசில்காரர் பேசுவது போர்ச்சுகீஸ் என்பதால், லத்தீனோ என்று சொல்லிக்கொள்ளலாம், ஹிஸ்பானிக் ஆக முடியாது. ஸ்பெயின்காரருக்கு இது அப்படியே தலைகீழ்.

டெல்லிக்காரர் நம் எல்லோரையும் 'மதராஸி' என்று ஒரே மூட்டையாகக் கட்டியதுபோல இல்லையா என்று கேட்பீர்கள். பாதி அப்படித்தான். மீதிப் பாதியில் அரசியல் இருக்கிறது. 1930 கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' என்று தனி இனமாக எழுதினார்கள். 1940-ல் அதை எடுத்துவிட்டு வெள்ளையரோடு சேர்த்தார்கள். தலையை எண்ணாவிட்டால் பள்ளிக்கூடத்தில் நடக்கும் பாரபட்சத்தைக்கூட நிரூபிக்க முடியாது. அதனால் அந்த மக்களின் அமைப்புகளே போராடின. 1980-ல்தான் எல்லா வீட்டுப் படிவத்திலும் 'நீங்கள் ஹிஸ்பானிக்கா?' என்ற கேள்வி வந்தது. இன்றைக்கும் பலர் முதலில் தன் நாட்டுப் பெயரைத்தான் சொல்வார்கள். மூட்டைப் பெயர் படிவத்துக்கும் ஓட்டுக்கும்.

விழாவுக்கு வருவோம். 1968-ல் ஜனாதிபதி ஜான்சன் காலத்தில் ஒரு வாரம், 1988-ல் ரீகன் காலத்தில் ஒரு மாதம் ஆனது. மாதத்தின் நடுவில் ஆரம்பிக்கக் காரணம், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சல்வடோர், நிகரகுவா, கோஸ்டா ரிக்கா ஐந்துக்கும் செப்டம்பர் 15 சுதந்திர தினம். மெக்சிகோவுக்கு மறுநாள். கனடா நாடாளுமன்றம் 2016-ல் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றபோது நாம் கைதட்டினோமே, 'கலந்துவிட வேண்டியதுதானே' என்று யாராவது கேட்டோமா?

எனக்கு உறுத்துவது அந்த டாகோதான். ஐந்து நாட்டுச் சுதந்திர தினத்தன்று ஆறாவது நாட்டின் பலகாரத்தைப் பரிமாறி, எல்லார் தலையிலும் மெக்சிகோ தொப்பியை மாட்டிவிட்டுக் கணக்கை முடிக்கிற கம்பெனிகள் நிறைய.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்கட்டும். எல் சல்வடோர் என்றால், புபுசா எங்கே கிடைக்கும் என்று அடுத்த கேள்வி. மக்காச்சோள மாவுக்குள் பாலாடைக்கட்டியும் பீன்ஸ் மசியலும் வைத்துக் கையால் தட்டிக் கல்லில் சுடுவது. தொட்டுக்கொள்ளப் புளித்த முட்டைக்கோஸ். கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். கோயம்புத்தூர்க்காரருக்கு அதில் சிரமம் இருக்காது.