சின்ன காரின் முன்பக்கம் ஏன் இவ்வளவு எளிதாக நசுங்குகிறது?

விலை குறைந்த சின்ன கார் எங்காவது மோதினால் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிடுகிறதே, தகரம் மட்டமா என்று பலர் கேட்கிறார்கள். அது நசுங்கத்தான் வேண்டும். மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு மடங்கும்படி வேண்டுமென்றே அமைத்த பகுதி அது. நாம் உட்காரும் நடுக்கூடுதான் மடங்கக் கூடாது.

ஓடும் கார் நிற்க எடுக்கும் நேரம் துளி நீண்டாலும் உடம்பில் விழும் அடி குறைகிறது. லாரியிலிருந்து வீசும் செங்கல்லைக் கீழே நிற்பவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள், கையை விறைப்பாக நீட்டமாட்டார், கல்லோடு சேர்த்துக் கொஞ்சம் கீழே இறக்குவார், இல்லாவிட்டால் உள்ளங்கை பிய்ந்துவிடும். காரின் முன்பக்கம் செய்வதும் அதேதான்.

கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் இந்தியச் சோதனையான பாரத் என்கேப்பில் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிடும்போதும் முன்பக்கம் சுருங்கியதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூடு தாங்கியதா, ஆளுக்குப் பதிலாக உள்ளே உட்காரவைத்த பொம்மைக்கு எங்கே அடி என்றுதான் பார்க்கிறார்கள். 2021-ல் டாடா பஞ்ச் என்ற சின்ன கார் இதேபோன்ற சர்வதேசச் சோதனையான குளோபல் என்கேப்பில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது.

சரி, ஒரு சிக்கல் இருக்கிறது. மடங்கும் இந்த முன்பக்கம் ஒருமுறைதான் உழைக்கும். டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்தால் பார்வைக்குப் புதுசுதான், பழைய பலம் திரும்பாது. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கு இரு பக்கமும் ஓடும் சட்டத்தில் சுருக்கமோ புது வெல்டிங்கோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம், கதவை விரலால் அழுத்திவிட்டு 'டப்பா வண்டி' என்று சொல்வார்கள். விரலுக்குத் தெரிவது மேல்தோல் மட்டும், பலம் உள்ளே இருக்கும் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் இருக்கிறது.