எங்கள் லாரி ஓடும்போது புகையே தெரியாது. ஆனால் புகைச் சோதனையில் 71 என்று காட்டி ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். மெஷின் தப்பா?

நாமக்கல்லில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒன்பது வருஷம் புகைச் சோதனை மையம் நடத்தி, இதே கேள்வியைத் திட்டாக வாங்கியவன் என்பதால் எழுதுகிறேன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

உங்களுடையது பிஎஸ் 3 வண்டி என்று நினைக்கிறேன். பிஎஸ் என்றால் பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசு வைத்த தரம்; எண் கூடினால் கட்டுப்பாடும் கூடும். அதற்கு வரம்பு 65. பிஎஸ் 4 என்றால் 50. இது ஹார்ட்ரிஜ் அலகு, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்கிற கணக்கு. சைலன்சருக்குள் குழாயை விட்டுப் புகையை மீட்டருக்குக் கொண்டுபோவோம். உள்ளே 43 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புகை நிற்கும், அதன் வழியே வெளிச்சம் போகும். 71 என்றால் நூற்றில் 71 பங்கு வெளிச்சத்தை உங்கள் புகை மறைத்துவிட்டது, 29 பங்குதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. புகையில் என்னென்ன இருக்கிறது என்றெல்லாம் அந்த மீட்டருக்குத் தெரியாது.

'ஓடும்போது தெரியாது' என்கிறீர்கள். வண்டியை ஓட்டிப் பார்த்து யாரும் இந்தச் சோதனை செய்வதில்லையே. நியூட்ரலில் நிறுத்தி, ஐடிலில் இருந்து ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதிக்க வேண்டும். மிதித்த கணமே டீசல் பாய்ந்துவிடும், காற்று பின்னாடிதான் வரும். டர்போ வண்டி என்றால் இன்னும் தாமதம். அந்த இடைவெளியில் எரியாமல் வருகிற கரிதான் உங்கள் 71.

ஒருமுறை சங்ககிரிப் பக்கத்து டிரைவர் ஒருத்தர் பழைய பத்து சக்கர வண்டியோடு வந்தார். மிதிங்க என்றால் முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி மிதிக்கிறார். மீட்டர் 30 காட்டுகிறது. 'பாஸுங்களா?' என்று தலையை வெளியே நீட்டினார்.

'அண்ணா, அடிவரைக்கும் மிதிக்கணுங்க.'

'கியர் போடாம அப்படி மிதிச்சு இன்ஜின் ராடு வெளிய வந்துச்சுன்னா நீ வாங்கித் தருவியா தம்பி?'

அவர் பயம் நியாயமானதுதான். இன்ஜின் வேகம் எல்லை மீறாமல் பிடித்து வைக்கிற கவர்னர் கெட்டுப்போன வண்டியில் அது நடக்கும். முதலில் மெதுவாக ஏற்றி, கவர்னர் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு முழுசாக மிதிக்கச் சொன்னேன். 83. பங்க் கூரை வரைக்கும் கருப்பு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினோம், ஒரு உழக்கு மண் கொட்டியது. திரும்ப எடுத்தால் 74. அப்புறம் டீசல் பம்ப்பைப் பார்த்தால் ஈய சீல் கம்பி அறுந்து கிடக்கிறது. தொப்பூர் கணவாய் ஏற இழுவை பத்தலை என்று யாரோ மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார். பம்ப் சர்வீஸ் கடையில் இரண்டு நாள் போட்டுவிட்டு வந்தார். 52. டீசலும் மிச்சமாவதாகப் பிறகு ஒருநாள் போன் செய்து சொன்னார்.

எனவே மெஷினைச் சந்தேகிக்கும் முன் ஏர் ஃபில்டர், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில், டீசல் பம்ப் மூன்றையும் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு போங்கள். மீட்டர் தப்பாகவே காட்டாது என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியில் கரி படிந்தால் காட்டும். சோதனைக்கு முன் ஜீரோ காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. 'எல்லா மையமும் வண்டியே பார்க்காமல்தான் சான்றிதழ் தருது' என்று கிளம்புகிறவர்கள் வேறு பதிலுக்குப் போய்விடவும். அப்படித் தருகிறவர்களால்தான் என் வாடிக்கை போனது.

இன்னொரு வயிற்றெரிச்சல். அந்த பங்கில் 'காற்று இலவசம்' என்று போர்டு இருக்கும், காற்றடிக்க ஆள் இருக்க மாட்டார். ஒன்பது வருஷமும் பைக்கில் வருகிறவர்கள் என்னிடம் வந்துதான் சண்டை. 'சும்மாதானே உட்கார்ந்திருக்க, அடிச்சா என்ன?' என்பார்கள். வாடகை கட்டி உட்கார்ந்திருப்பவன் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மாசு இல்லை என்று நினைக்காதீர்கள். பிஎஸ் 4 வண்டி ஒன்று வந்தது. மீட்டரில் 18, அருமையான பாஸ். பக்கத்தில் யூரியா டேங்க் மூடியில் வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது. திறந்தால் உள்ளே சிலந்தி வலை. அந்த யூரியாத் தண்ணீர் சைலன்சர் சூட்டில் பீய்ச்சினால்தான் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயு வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறும். லிட்டர் கணக்கில் காசு மிச்சம் என்று ஒரு சின்னப் பெட்டியை வயரில் கோர்த்து, டேங்க் நிறைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரை ஏமாற்றி வைத்திருந்தார்கள்.

இன்ஜின் ஒரு யூனிட் வேலைக்கு, கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான், பிஎஸ் 4-இல் 3.5 கிராம் வரை அந்த நைட்ரஜன் ஆக்சைடு வரலாம். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6-இல் 0.46 கிராம். இதை அளக்க இன்ஜினைத் தனியாகக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஓட்ட வேண்டும், இல்லை லாரியிலேயே கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் போக வேண்டும். புனே, ஒரகடம் மாதிரி ஆய்வு மையங்களின் வேலை அது. பங்க் ஓரத்து மீட்டருக்கு அந்த வாயு கண்ணாடி மாதிரி. விதியில் டீசலுக்குப் புகை மட்டும்தான் சோதனை. 18 வந்தால் நான் மறுக்க முடியாது. நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து ஏற்றி, ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தேன். 'நல்ல மெஷின் தம்பி உன்னுது' என்று சொல்லிவிட்டுப் போனார் ஓனர்.

உங்கள் வண்டி எந்த வருஷ மாடல், ஏர் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கீழே எழுதுங்கள். பம்ப்பில் சீல் கம்பி இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.