கையெழுத்துப் போடுமுன் தேதியைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். 2018 மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், ஒரு பைனான்ஸில் 60,000 ரூபாய் கடன் வாங்கினோம். 24 மாதத் தவணை, அடமானம் கிடையாது. 2019 ஜனவரிக்குப் பிறகு கட்ட முடியவில்லை. இத்தனை வருடம் யாரும் வரவில்லை. இப்போது ஒருவர் வந்து, “500 ரூபாய் கட்டி இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள், மீதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் சகோதரி. அவருக்கு அந்த 500 ரூபாயைவிட உங்கள் கையெழுத்துதான் முக்கியம்.

1963-ம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட கடனுக்குத் தவணை தவறியதிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொரோனாவுக்காக 15.3.2020 முதல் 28.2.2022 வரையான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. உங்கள் கடைசித் தவணை 2020 மே மாதம். அது கழித்த நாட்களுக்குள் விழுவதால், மூன்று ஆண்டு 1.3.2022 முதல்தான் ஓடும். அந்தக் கழிவைச் சேர்த்துப் பார்த்தாலும் 2025 பிப்ரவரியோடு கெடு முடிந்துவிட்டது. நடுவில் நீங்களோ கணவரோ பணம் கட்டியோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதியோ கொடுக்கவில்லை, அவர்களும் வழக்குப் போடவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு சரி. வீட்டில் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

கெடு முடியுமுன் எழுதிக் கொடுத்தாலோ, கையெழுத்தோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ, மூன்று ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். கெடு முடிந்த பிறகு வெறுமனே 500 ரூபாய் கட்டினால் பழைய கெடு திரும்பி வராது, ஆனால் கட்டிய பணமும் திரும்பி வராது. ஆபத்து அந்தத் தாளில்தான் இருக்கிறது. காலம் கடந்த கடனைத் தருகிறேன் என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி அது புது ஒப்பந்தமாகவே செல்லும். மக்கள் நீதிமன்றத்துக்கு வந்து சமரசம் பேசலாம் என்று கூப்பிட்டாலும் இதே கவனம் வேண்டும். அங்கே சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது தீர்ப்புக்குச் சமம்.

கெடு முடிந்ததால் கடன் அழிந்துவிடாது. வழக்குப் போட்டு வாங்கும் வழிதான் அடைபடுகிறது. கடன் வாங்கியவர்களின் வரலாற்றை வைத்திருக்கும் சிபில் பதிவில் அது குறையாகவே நிற்கலாம். வசதி வரும்போது மனசாட்சிக்காகக் கட்ட நினைத்தால் கட்டுங்கள், அது நல்ல எண்ணம்தான். ஆனால் மொத்தத் தொகையைப் பேசி முடித்து, கணக்கு முடிந்தது என்று நிறுவனத்தின் கடிதத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். வாசலில் நிற்பவரிடம் வேண்டாம்.

நகையை அடகு வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. நகை அவர்கள் கையில் இருப்பதால் வழக்கே இல்லாமல் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடலாம். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால் கெடு மூன்று ஆண்டு அல்ல, 12 ஆண்டு.

வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நீதிமன்ற சம்மன் வந்தால் மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். போகாமல் விட்டால், கெடு முடிந்ததை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போகக்கூடும். ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் 15100. கடன் ஒப்பந்தத்தையும் கடைசியாகக் கட்டிய ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.