ஹியரிங் எய்டு, காக்ளியர்: எவ்வளவு கேட்கும், எவ்வளவு ஆகும்?

ஒரு காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி), மறு காதில் ஹியரிங் எய்டு அணிந்திருக்கிறேன். நீங்கள் அனுப்பியவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு 68 வயது. கடையில் 25 ஆயிரத்திலும் காட்டுகிறார்கள், 2 லட்சத்திலும் காட்டுகிறார்கள். விலை கூடினால் நன்றாகக் கேட்குமா அக்கா?

அமைதியான அறையில் இருவர் பேசும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. கூடுதல் விலை பெரும்பாலும் இரைச்சலைக் குறைக்கும் வசதிக்கும், எதிரே இருப்பவரின் பேச்சைப் பிடிக்கும் மைக்குக்கும், புளூடூத்துக்கும், சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்கும்தான் போகிறது. அப்பா வீட்டில் டிவி பார்த்து, பேரப்பிள்ளைகளோடு பேசுகிறவர் என்றால் நடுத்தர விலையே போதும். இரண்டு காதிலும் குறை இருந்தால், விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு நல்லது.

விலையைவிட முக்கியம் கருவியை அவர் காதுக்குச் சரியாக அமைப்பது. காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே ஒலி எவ்வளவு போகிறது என்று அளக்கும் சோதனை உண்டு. அதைச் செய்வீர்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். சில வாரம் கழித்துத் திரும்பப் போய் அளவை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். அப்படிப் போகாததால் பெட்டிக்குள் தூங்கும் கருவிகள் ஏராளம்.

வாங்க வசதியே இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள்.

எனக்கு எய்டு போட்டாலும் சத்தம்தான் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. காக்ளியருக்குப் போகலாமா?

உங்கள் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை 'பீப்' சத்தம் கேட்கிறதா என்பதைத்தான் சொல்லும். பேச்சு புரிகிறதா என்பது வேறு சோதனை. உள்காதின் நுண்மயிர் செல்கள் பெருமளவு அழிந்துவிட்டால், ஒலியை எவ்வளவு கூட்டினாலும் தெளிவு வராது. நல்ல காதிலேயே குறைபாடு 60 டெசிபெல்லோ அதற்கு மேலோ இருந்து, சொற்களில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ புரிந்தால் காக்ளியர் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்பது ஆடியாலஜிஸ்டுகள் (கேட்கும் திறன் நிபுணர்கள்) வைத்திருக்கும் ஒரு எளிய அளவுகோல். பரிசோதனைக்குப் போவதாலேயே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றில்லை. தயங்காமல் போங்கள்.

காக்ளியர், கெட்டுப்போன செல்களைத் தாண்டி, கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. ஸ்விட்ச் ஆன் செய்த புதிதில் எல்லோர் குரலும் இயந்திரக் குரலாகவே கேட்கும். மேப்பிங்கும் (கருவியின் அளவுகளை நமக்கேற்ப அமைப்பது) பயிற்சியும் தொடரத் தொடர, மாதக் கணக்கில் தெளிவு கூடும். அதற்காக எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தில் இன்றும் நான் திணறுகிறேன். நரம்பைத் தூண்டும் மின்முனைகளின் (எலெக்ட்ரோடு) எண்ணிக்கை கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 வரைதான் என்பதால் சங்கீதத்தின் நுணுக்கம் முழுதாக வராது. மறு காதில் கொஞ்சம் கேட்டாலும் அதில் எய்டைக் கழற்றிவிடாதீர்கள். எனக்குத் தாழ்ந்த சுருதியும் குரலின் இயல்பும் அந்தக் காது வழியாகத்தான் வருகின்றன.

குழந்தைக்கு ஒன்றரை வயது. பெரா சோதனையில் (ஒலிக்குக் கேட்கும் நரம்பும் மூளையும் தரும் பதிலை அளப்பது) இரண்டு காதும் கேட்கவில்லை என்கிறார்கள். பணம் இல்லை.

பணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டமும் இருக்கிறது. இரண்டிலும் வயது வரம்பும் வருமான வரம்பும் இருப்பதால், காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று இரண்டையும் இந்த வாரமே தயார் செய்யுங்கள். பிறவியிலேயே கேட்காத குழந்தையின் மூளை பேச்சைப் பழகுவது முதல் சில வருடங்களில்தான். மூளைக்காய்ச்சலுக்கு (மெனிஞ்சைட்டிஸ்) எதிரான தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம் தெரபி, அதாவது கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி. அதை விட்டுவிட்டால் அறுவை சிகிச்சை செய்தும் பேச்சு வராமல் போகலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் தெரபிஸ்டிடம். மீதி நேரமெல்லாம் வீட்டில் நீங்கள்தான் ஆசிரியர்.

சொந்தச் செலவில் காக்ளியர் செய்தால் அதோடு முடிந்ததா?

இல்லை. தனியாரில் ஒரு காதுக்குப் பொதுவாக 6 லட்சத்துக்கு மேல், மாடலைப் பொறுத்து 15 லட்சம் வரைகூட ஆகலாம். உள்ளே வைக்கும் பகுதிக்கு நீண்ட வாரண்டி இருக்கும். ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும், வெளியே மாட்டும் பிராசசருக்கு அது சில வருடங்கள்தான். பிறகு கேபிள், காயில், பேட்டரி எல்லாம் உங்கள் செலவு. பிராசசரை மாற்ற வேண்டி வந்தால் மறுபடி லட்சங்கள். கம்பெனியை முடிவு செய்யும் முன்பே உதிரிபாக விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். தொலைந்தால் இன்சூரன்ஸ் உண்டா என்றும் கேளுங்கள். மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதுதான் என் வழி.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, வியர்வையில் கருவி நின்றுவிடுகிறது.

புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் போடாமல் ஓரிரு நிமிடம் காற்றுப்படட்டும். இரவில் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஒரு நாளும் இதை விடாதீர்கள்.