எண்ணெய் சுட்ட தழும்புக்கு முன்பணம் எதற்கு?

கேள்வி: களியக்காவிளைக்கு அருகில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறோம். நான்கு மாதத்துக்கு முன் கொதிக்கும் எண்ணெய் கொட்டி, என் மகளின் வலது கை முழங்கை மடிப்பு வரை வெந்துவிட்டது. புண் ஆற ஒரு மாதமானது. இப்போது அந்த இடம் சிவந்து தடித்திருக்கிறது, இரவில் அரிக்கிறது. கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு லேசர் மையத்துக்கு ஆள் சேர்க்கும் ஒருவர், ஆறு முறை போனால் தோல் பழையபடி ஆகிவிடும், பாதிப் பணத்தை முதலில் கட்டுங்கள் என்கிறார். வீட்டிலேயே ஏதேனும் செய்யலாமா?

பதில்: பணம் கட்ட வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் கிடந்த தீப்புண் பெரும்பாலும் தடித்துத்தான் போகும். முதல் ஆறு மாதம் ஏறி, பிறகு ஒன்றரை ஆண்டுக்குள் அதுவே ஓரளவு தாழ்ந்து வெளிறும். ஆறு முறை அலைந்து முடிப்பதற்குள் தழும்பு தானாகத் தாழ்ந்திருக்கும். பெயர் மட்டும் லேசருக்குப் போகும். தரகருக்கு இது நன்றாகத் தெரியும். தழும்பை மங்க வைக்கலாம், மிருதுவாக்கலாம். பழைய தோல் திரும்பாது.

வீட்டு வைத்தியத்தில் நம்பத் தகுந்தது சிலிக்கான் ஷீட். (ரப்பர் விளையும் உங்கள் பக்கத்தில் ஷீட் என்றாலே ரப்பர் ஷீட்தான் நினைவுக்கு வரும், இது மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ஒட்டுப்படலம்.) தழும்பின் அளவுக்கு வெட்டி, முதல் சில நாள் நான்கு மணி நேரம் ஒட்டிப் பழக்கி, பிறகு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, தினமும் மிதமான சோப்பில் கழுவி உலர்த்தி மீண்டும் ஒட்ட வேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். வியர்வையில் வேர்க்குரு வந்தால் சிலிக்கான் ஜெல்லுக்கு மாறுங்கள். மற்ற நேரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு, சிவப்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, வட்டமாகப் பத்து நிமிடம் தேய்த்துவிடுங்கள். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டை போதும்.

மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடாதீர்கள். அது சுற்றியுள்ள நல்ல தோலை மெலிய வைக்கும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் விதி கொண்டுவந்தும், மிட்டாய் போல விற்கிறார்கள், கேட்பாரில்லை. எலுமிச்சைச் சாறும் வேண்டாம்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த முழங்கை மடிப்புதான். மடிப்பில் விழும் தழும்பு அரிப்பதோடு நிற்காது, சுருங்கும். மகளைச் சுவரோரம் நிறுத்தி, இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பாருங்கள். இடது கை போல வலது கை முழுமையாக நீளவில்லை என்றால், ஷீட்டை நம்பிக் காத்திருக்காமல் அந்த வாரமே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீளுகிறது என்றாலும் மாதம் ஒரு முறை இப்படிப் பாருங்கள். சுருக்கம் தொடங்கியதும் பிடித்தால் நீட்டும் பயிற்சியும் கை மடங்காமல் நீட்டியபடி இருக்க இரவில் கட்டும் ஸ்பிளின்ட் என்ற தாங்குபட்டையும் பெரும்பாலும் போதும். விட்டுவிட்டால் கத்தி வைக்க வேண்டியதாகிவிடும். புண் ஆறியதும் களிம்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பினால் என்ன? அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

இன்றே தழும்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த மாதங்களில் தடிப்பு வெந்த எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவினால் அது கீலாய்டு. அதற்கு நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் தழும்புக்குள்ளேயே ஊசி போட வேண்டும். வெட்டி மட்டும் எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடும்.