சென்னை மொட்டைமாடியில் பூக்கும் டேலில்லியைப் போட்டிக்குப் படமும் வீடியோவும் எடுப்பது எப்படி?

தொட்டியில் நாலைந்து டேலில்லி, கையில் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் போனும். சிவப்புப் பூ படத்தில் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது, ஊதா வேறு ஏதோ நிறமாகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புது லென்ஸ் வாங்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். டேலில்லி விஷயத்தில் முதல் பிரச்சினை நேரம். இதன் தாவரவியல் பெயரான ஹெமரோகாலிஸ் என்பதற்கே கிரேக்கத்தில் 'ஒருநாள் அழகு' என்றுதான் பொருள். காலையில் விரிந்த பூ இரவுக்குள் சுருண்டுவிடும். அதனால் படம் எடுப்பது, நிறம் சரிபார்ப்பது, இறுதிக் கோப்பைச் சேமிப்பது எல்லாமே அந்த ஒரே பகலுக்குள் முடிய வேண்டும். 'வார இறுதியில் எடிட் செய்துகொள்ளலாம்' என்று விட்ட படத்தில்தான் பெரும்பாலும் நிறம் தப்பிப் போகிறது.

போட்டியில் என்ன பார்க்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1946-ல் தொடங்கிய அமெரிக்க டேலில்லி சங்கம்தான் உலகம் முழுவதும் உருவாகும் ரகங்களைப் பதிவு செய்கிறது. டேலில்லிப் படப் போட்டிகளில் தனிப் பூ, புதர் முழுவதும், தோட்டக் காட்சி, கலைநயப் படம், வீடியோ என்று பிரிவுகள் இருக்கும். ரகத்தின் பெயரோடு அனுப்பும் படம் அந்த ரகத்துக்கு ஒரு அடையாள அட்டை மாதிரி. பதிவில் சொன்ன நிறம், கண் வளையம் (தொண்டையைச் சுற்றி வேறு நிறத்தில் தெரியும் வளையம்), தொண்டை (பூவின் உட்குழி) நிறம், விளிம்பு எல்லாம் படத்தில் பொருந்த வேண்டும். நம்மூர் நர்சரியில் 'மிக்ஸட் கலர்' என்று பெயரில்லாமல் வாங்கிய செடிக்கு இணையத்தில் தேடி ஒரு பெயர் சூட்டி அனுப்பாதீர்கள். ஒன்றுபோலவே தோன்றும் ரகங்கள் ஏராளம். பெயர் தெரியாத செடியைக் கலைநயப் பிரிவிலோ தோட்டக் காட்சியிலோ அனுப்புவதுதான் நேர்மை. இன்னொன்று, ரெயின் லில்லியையும் சிலர் டேலில்லி என்று விற்கிறார்கள். ரெயின் லில்லியில் ஒரு தண்டுக்கு ஒரே பூ. டேலில்லியின் பூந்தண்டு கிளைவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மொட்டுகள் விரியும்.

சென்னையில் படம் எடுக்க நல்ல நேரம் சூரியன் எழுந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒளி மென்மையாக இருக்கும், கடல் காற்று இன்னும் கிளம்பியிருக்காது, மகரந்தப்பைகளும் முழுதாக வெடித்திருக்காது. வெயில் ஏற ஏற மகரந்தம் உதிர்ந்து இதழில் மஞ்சள் பொடியாக ஒட்டும். கருஞ்சிவப்பு, அடர் ஊதாப் பூக்கள் நண்பகல் வெயிலில் வெந்து, இதழ் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஏசி அறையில் இருந்த கேமராவை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும். முந்தைய இரவே ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள்.

எடுக்கும் முன் பூந்தண்டைச் சுத்தம் செய்யுங்கள். நேற்றைய பூ கொழகொழவென்று தொங்கிக்கொண்டிருக்கும், அதை அடியோடு கிள்ளிவிட வேண்டும். இதழில் விழுந்த மகரந்தத்தை விரலால் துடைத்தால் கறையாகப் பரவும். உலர்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தொண்டையிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். பனித்துளி மாதிரி இருக்கட்டும் என்று போர் தண்ணீரைத் தெளிப்பது பெரிய தவறு. துளி காய்ந்ததும் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அடர் நிறப் பூவில் அது பளிச்சென்று தெரியும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் ஆர்ஓ தண்ணீரை, நிழலில், படம் எடுப்பதற்குச் சற்று முன் தெளியுங்கள்.

இனி ஒளி. மொட்டைமாடித் தோட்டத்தில் எல்லோரும் கட்டுகிற பச்சை நிழல்வலைதான் நிறத்தைக் கெடுக்கும் முதல் குற்றவாளி. வலைக்குள் வரும் ஒளியிலேயே பச்சை கலந்திருப்பதால் ரோஸ் அழுக்காகவும் ஊதா சாம்பலாகவும் தெரியும். தொட்டியை வலைக்கு வெளியே நகர்த்துங்கள், முடியாவிட்டால் கறுப்பு வலையின் கீழ் வையுங்கள். கறுப்பு ஒளியைக் குறைக்குமே தவிர நிறம் ஏற்றாது. நேர் வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளை மல் வேட்டியை ஒற்றை மடிப்பாக, பூவுக்கு ஒன்றரை அடி மேலே இரண்டு கம்புகளில் இழுத்துக் கட்டுங்கள். காசு கொடுத்து வாங்கும் டிஃப்யூசர் செய்யும் வேலையை அது செய்யும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் தொண்டைக்குள் வெளிச்சம் போகும். பின்னணிக்குச் செடியிலிருந்து மூன்று, நாலு அடி தள்ளிப் பளபளப்பில்லாத கரும்பச்சைக் காட்டன் துணி போதும். நீங்கள் சிவப்பு, ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அதுவும் வெளிர் இதழில் பிரதிபலிக்கும்.

சிவப்பு ஏன் பிளாஸ்டிக் மாதிரி வருகிறது? கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனி அளவுகளாக ஒளியைப் பதிகிறது. சிவப்புப் பூவில் சிவப்பு அளவு மட்டும் முதலில் நிரம்பி வழிகிறது. அங்கே நரம்பும் இழையும் அழிந்து ஒரே தட்டையான நிறம் மிஞ்சுகிறது. சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது, மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுங்கள். போனில் பூவை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இழுத்து, இதழ் நரம்பு தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மஞ்சள் பூவிலும் இதே சிக்கல் உண்டு, அதில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து வழியும்.

ஊதாவுக்கு ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறச் சாயலைக் கேமரா தானே ஈடுகட்டும் வசதியை) நம்பவே கூடாது. ஃப்ரேம் முழுக்க ஒரே நிறம் இருந்தால் கேமரா அதைச் சமன் செய்வதாக நினைத்து எதிர்நிறத்தை ஏற்றிவிடும். பூ இருக்கும் அதே ஒளியில் கிரே கார்டை (நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டையை) இதழுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸை நிர்ணயியுங்கள். பிறகு அந்தப் பூவைப் பறித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் மானிட்டர் பக்கத்தில், ஜன்னலோரம் வைத்துக்கொண்டு நண்பகலுக்குள் நிறத்தைச் சரிபாருங்கள். மானிட்டரில் நைட் மோட், விவிட் மோட் இரண்டையும் அணைத்திருக்க வேண்டும். கண் வளையத்தின் நிறத்தைத் திரையிலும் பூவிலும் மாறி மாறிப் பாருங்கள். பொருந்தும் வரை ஊதாவின் ஹியூவை (நிறச் சாயலை) மட்டும் நகர்த்துங்கள், சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) தொடாதீர்கள்.

கூர்மை விஷயத்தில் ஒரு கணக்கு. க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 6 அங்குலப் பூ ஃப்ரேமை நிரப்பும்போது எஃப்/8-ல் (இது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ., எஃப்/11-ல் 6 செ.மீ. தொண்டையிலிருந்து மகரந்தப்பை நுனி வரை பல ரகங்களில் இதைவிட ஆழம் அதிகம். எனவே எஃப்/11 வைத்து, இதழின் நடுநரம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். காற்று துளியும் இல்லாவிட்டால் ஐந்தாறு படங்கள் ஃபோகஸ் நகர்த்தி எடுத்து இணைக்கலாம், போட்டி விதி அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகு. ஷட்டர் 1/250-க்குக் கீழே போக வேண்டாம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 ஆனாலும் பரவாயில்லை. இதழ் நுனிகள் ஃப்ரேமில் வெட்டுப்படக் கூடாது. போனில் என்றால் கிட்டே போய் மேக்ரோவில் எடுக்காதீர்கள், முன்னால் இருக்கும் இதழ் பூதாகரமாக வீங்கும். இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் தள்ளி நின்று எடுங்கள். போர்ட்ரெயிட் மோட் மகரந்தத் தாள்களைப் பாதியில் விழுங்கிவிடும், வேண்டாம்.

வீடியோவில் மனதைக் கொள்ளை கொள்வது மொட்டு விரியும் டைம்லாப்ஸ்தான் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோ). மாலையில் செடியைப் பாருங்கள். மற்றவற்றைவிடப் பருத்து, நிறம் முழுதாக ஏறி, நுனி லேசாக இளகிய மொட்டு மறுநாள் விரியும். அந்தப் பூந்தண்டை வெட்டி, கூழாங்கல் போட்ட குறுகிய வாய்ப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். வெட்டிய தண்டில் அடுத்தடுத்த நாட்களில் விரியும் பூ சிறுத்து வெளிறும், முதல் நாள் பூவை மட்டும் பயன்படுத்துங்கள். மின்விசிறி ஓடாத, ஏசி காற்று நேராகப் படாத அறை வேண்டும். இரவு 11 முதல் காலை 7 வரை 8 மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 480 படங்கள், நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 20 நொடி வீடியோ. இன்னும் நிதானம் வேண்டுமென்றால் 30 நொடிக்கு ஒன்று.

ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் வையுங்கள். விளக்கு எல்இடியாக, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் இருக்கட்டும், மட்டமான எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, பூ பழுப்படிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/10 மாதிரி நீளமாக இருந்தால் மினுக்கல் அடங்கும். மொட்டு ஃப்ரேமின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, விரியும்போது இதழ் வெளியே போய்விடும். கேமராவுக்கு அடாப்டர், விளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு. நள்ளிரவில் கரண்ட் போய் அரை மணி நேரம் இருட்டானால் அன்றைய பூ போனதுதான். மாலையில் விரியும் ரகம் என்றால் இதே ஏற்பாட்டைப் பிற்பகல் 3 மணிக்கே தொடங்குங்கள்.

மற்ற காட்சிகளுக்கு நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, டிரைபாட். ஒரு காட்சி 5 முதல் 7 நொடி நிற்கட்டும், ரகத்தின் பெயர் எழுத்தில் குறைந்தது 3 நொடி தெரியட்டும். சினிமாப் பாட்டு சேர்த்தால் காப்புரிமைச் சிக்கலில் நிராகரிக்கப்படலாம். காலை ஆறு மணிக்கு மாடியில் கேட்கும் குயிலின் குரலை ஒரு நிமிடம் பதிந்து அடியில் ஓடவிடுங்கள், அதுவே போதும்.

அனுப்பும்போது எஸ்ஆர்ஜிபியில் (பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் நிற வகையில்) சேமியுங்கள், அடோபி ஆர்ஜிபியில் போனால் பல திரைகளில் வெளிறித் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், டாக்குமெண்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். ரா கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், நடுவர்கள் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். இதழில் இருந்த பூச்சிக்கடியை மென்பொருளில் அழித்திருந்தால் அங்கேதான் தெரியவரும்.