கடிகாரம் எங்கே தொடங்குகிறது? மென்பொருள் அளவீடுகள் குறித்த வாசகர் கேள்விகள்

மென்பொருள் உருவாக்கச் சுழற்சியின் தரம், பாதுகாப்பு, வேகம் ஆகியவற்றை மதிப்பாய்வு செய்வது பற்றி வந்த கேள்விகளில் ஏழினை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பணிகள் வேறு வேறு என்றாலும், பெரும்பாலான சிக்கல்கள் ஓர் எண்ணை எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை கணக்கிடுகிறோம் என்பதைத் தெளிவாக வரையறுக்காததால் எழுந்தவை.

எங்கள் காலாண்டு மதிப்பாய்வில் எல்லா அளவீடுகளும் பச்சையாகவே இருக்கின்றன. கிளையன்ட் தரப்பிலோ, கேட்டது எதுவும் நேரத்துக்கு வருவதில்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி? (டெலிவரி மேலாளர், சோழிங்கநல்லூர்)

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மத்திய கைலாஷ் நிறுத்தத்தில் நிற்கும் பயணி, தாம் வந்து நின்ற நிமிடத்திலிருந்துதான் காத்திருப்பைக் கணக்கிடுவார். பேருந்து பணிமனையை விட்டுக் குறித்த நேரத்தில் புறப்பட்டதா என்பது அவருக்குப் பொருட்டில்லை. உங்கள் கிளையன்ட் அந்தப் பயணியைப் போல, கோரிக்கையை அனுப்பிய நாளிலிருந்து எண்ணுகிறார். நீங்கள் அனேகமாக டெவலப்பர் நிரலைக் களஞ்சியத்தில் சேர்த்த கணத்திலிருந்து எண்ணுகிறீர்கள். மென்பொருள் வெளியீட்டுத் திறனை ஆராயும் டோரா ஆய்வுக் குழு பரவலாக்கிய நான்கு அளவீடுகளில் ஒன்றான மாற்றத்துக்கான கால அளவே, நிரல் சேர்க்கப்பட்டதிலிருந்து அது பயனர் கைக்குச் செல்லும் வரையிலான நேரம்தான். நிரலைச் சோதித்து வெளியிடும் பைப்லைன் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதை அறிய அது மிகவும் பொருத்தமான அளவீடு. ஆனால் கோரிக்கை, ஒப்புதலுக்காகவும் விளக்கத்துக்காகவும் ஆள் கிடைப்பதற்காகவும் காத்திருந்த நாட்கள் அதில் இடம்பெறுவதில்லை.

ஆகவே கோரிக்கை பதிவான நாளிலிருந்து பயன்பாட்டுக்கு வந்த நாள் வரை இன்னொரு எண்ணையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான தொலைவு பெரிதாக இருந்தால், வேகமாக நிரல் எழுதச் சொல்வதால் எந்தப் பயனும் கிடைக்காது. கையில் எடுத்துவைத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசைக் கோட்பாடு இங்கே அப்படியே பொருந்தும்: 30 வேலைகள் நடப்பில் இருந்து, வாரத்துக்கு 5 முடிகின்றன என்றால், ஒரு வேலை சராசரியாக 6 வாரம் உள்ளே கிடக்கும். முடிக்கும் வேகம் மாறாமல், நடப்பில் உள்ளவற்றை 15 ஆக்கினால் அது 3 வாரமாகிவிடும்.

சராசரியை மட்டும் அறிக்கையில் காட்டாதீர்கள். ஒன்பது வேலைகள் தலா 2 நாளிலும், பத்தாவது 42 நாளிலும் முடிந்தால் சராசரி 6 நாள் என்று வரும். உண்மையில் 6 நாளில் கிடைத்த வேலை அங்கே ஒன்றுகூட இல்லை. நடுமதிப்பையும், நூற்றில் 85 வேலைகள் எத்தனை நாளுக்குள் முடிகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்த 42 நாள் வேலையைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் தானாகவே வந்துவிடும்.

சோதனைக் கவரேஜ் 80 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்ற விதியை நிறைவேற்றி 84-ஐத் தொட்டுவிட்டோம். இருந்தும் வாடிக்கையாளரிடம் போகும் பிழைகள் குறையவில்லை. எங்கே தவறினோம்? (சோதனைப் பொறியாளர், அம்பத்தூர்)

கவரேஜ் என்பது, சோதனை ஓடும்போது நிரலின் எத்தனை வரிகள் இயங்கின என்று மட்டுமே சொல்லும். இயங்கிய வரி சரியான விடையைத் தந்ததா என்று யாராவது பார்த்தார்களா என்பதை அது அறியாது. விடையைச் சரிபார்க்காமலேயே நூறு சதவீதக் கவரேஜ் பெற முடியும் என்பதை எந்த டெவலப்பரும் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டிவிடுவார்.

ஒரு மளிகைக் கடை செயலியை எடுத்துக்கொள்வோம். 500 ரூபாயும் அதற்கு மேலும் வாங்கினால் டெலிவரி கட்டணம் கிடையாது என்பது விதி. சோதனையாளர் 300 ரூபாய்க்கும் 800 ரூபாய்க்கும் பில் போட்டுப் பார்க்கிறார். நிரலின் எல்லா வரிகளும், நிபந்தனையின் இரு கிளைகளும் இயங்கிவிடுகின்றன, கவரேஜ் முழுமை. ஆனால் டெவலப்பர் 'அல்லது சமம்' என்ற குறியை விட்டிருந்தால், சரியாக 500 ரூபாய்க்கு வாங்கும் வாடிக்கையாளரிடம் கட்டணம் பிடிக்கப்படும். அதை மேற்கண்ட இரண்டு சோதனைகளாலும் கண்டுபிடிக்க முடியாது.

இத்தகைய ஓட்டைகளைக் காட்டும் முறைக்கு மியூட்டேஷன் சோதனை என்று பெயர். கருவி உங்கள் நிரலில் வேண்டுமென்றே ஒரு சிறு தவறைச் செய்து, சோதனைகளை மறுபடி ஓட்டிப் பார்க்கும். அத்தனை சோதனைகளும் அப்போதும் தேறிவிட்டால், அந்த இடத்துக்குக் காவல் இல்லை என்று பொருள். ஜாவா நிரல்களுக்கு பிட் என்ற திறமூலக் கருவி இருக்கிறது. முழு நிரல்தொகுப்புக்கும் ஓட்ட நேரம் பிடிக்கும் என்பதால், பணம், வரி, அனுமதி ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளில் தொடங்குங்கள். 84 என்ற எண்ணை 90 ஆக்கும் முயற்சியைச் சிறிது காலம் நிறுத்திவைத்துவிட்டு, இந்தச் சுழற்சியில் மாற்றப்பட்ட வரிகளுக்கு மட்டும் கவரேஜ் எவ்வளவு என்று பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் பிறப்பது அந்த வரிகளில்தான்.

ஸ்கேனர் ஏறக்குறைய 400 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடுகிறது. தீவிர மதிப்பெண் வரிசைப்படி சரிசெய்து வருகிறோம். சராசரியாக 5 நாளில் முடிப்பதாக அறிக்கை சொல்கிறது. இது போதுமா? (பாதுகாப்புக் குழுத் தலைவர், கிண்டி)

போதாது. முதலில் மதிப்பெண்ணைப் பார்ப்போம். குறைகளுக்கு 0 முதல் 10 வரை தீவிர மதிப்பெண் தரும் சிவிஎஸ்எஸ் முறையில் 7.0 முதல் 8.9 வரை 'உயர்', 9.0 முதல் 10 வரை 'மிகத் தீவிரம்' என்று வகுத்திருக்கிறார்கள். குறையைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது, பயன்படுத்தப்பட்டால் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையே அதன் அடிப்படை மதிப்பெண் சொல்கிறது. யாரேனும் அதைப் பயன்படுத்துவார்களா என்பதைச் சொல்வதில்லை. அதற்கு வேறு இரண்டு துணைகள் இருக்கின்றன. அடுத்த 30 நாட்களில் ஒரு குறை தாக்குதலுக்குப் பயன்படும் நிகழ்தகவை மதிப்பிடும் ஈபிஎஸ்எஸ் ஒன்று; உண்மையாகவே தாக்குதலில் பயன்பட்ட குறைகளை அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து வெளியிட்டுவரும் பட்டியல் மற்றொன்று. இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய சர்வரில் உள்ள 7.5, வெளியுலகத் தொடர்பே இல்லாத உள் கருவியில் உள்ள 9.8-ஐ விட அவசரமானதாக இருக்கலாம். இந்தத் தீர்ப்பை ஸ்கேனர் உங்களுக்காக வழங்காது.

அடுத்து அந்த 5 நாள். அது மூடப்பட்ட குறைகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு என்று நினைக்கிறேன். நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. பத்துக் குறைகள் தலா 5 நாளில் மூடப்பட்டு, மூன்று குறைகள் 200 நாளாகத் திறந்தே கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் வருவது 5 நாள்தான். அந்த மூன்றில் ஒன்றை இன்று முனைந்து மூடினால் சராசரி சட்டென்று சுமார் 23 நாளாக ஏறிவிடும். நல்ல காரியம் செய்த மாதத்தில் குழு திட்டு வாங்கும். அதைக் கண்டவர்கள் மீதி இரண்டைத் தொடவே தயங்குவார்கள். இதை மாற்றுவதற்கு, திறந்திருக்கும் குறைகளின் வயதை ஒவ்வொரு மதிப்பாய்விலும் முதல் எண்ணாக வையுங்கள். அந்த வயதையும் உங்கள் ஸ்கேனர் கண்ட நாளிலிருந்து எண்ணாமல், தீர்வு வெளியான நாளிலிருந்து எண்ணுங்கள். 2017-இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தரவு கசிந்ததற்கு வழியான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இணையச் செயலிக் கட்டமைப்பின் குறைக்கு மார்ச் மாதமே தீர்வு வெளிவந்துவிட்டது. தரவைத் திருடியவர்கள் மே மாதம்தான் உள்ளே நுழைந்தார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு மாதம் எந்தச் சராசரியிலும் தென்பட்டிருக்காது.

இன்னும் ஒரு பயிற்சி சொல்கிறேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் லாக்4ஷெல் குறை வெளிவந்தபோது, அந்த லைப்ரரி தங்கள் பொருட்களில் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பல குழுக்களுக்கு நாட்கள் கழிந்தன. ஏதேனும் ஒரு லைப்ரரியின் பெயரைச் சொல்லி, அது எந்தெந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பதில் வர எத்தனை நேரம் ஆகிறது எனக் காலாண்டுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மென்பொருள் உட்பொருள் பட்டியலை ஒவ்வொரு பில்டிலும் தானாக உருவாக்கும் குழு சில நிமிடங்களில் விடை சொல்லிவிடும்.

ஆயிரம் வரிக்கு இத்தனை பிழை என்ற கணக்கில் எங்கள் இரு குழுக்களை ஒப்பிடலாமா? (தர மேலாளர், சிறுசேரி)

வேண்டாம். ஒரே வேலையை 200 வரியில் முடித்தவரை விட 600 வரியில் எழுதியவர் இந்தக் கணக்கில் உயர்ந்து நிற்பார். ஒரே குழுவின் போக்கைச் சில சுழற்சிகளுக்குத் தொடர்ந்து பார்க்க இதைப் பயன்படுத்தலாம். வேலையின் அளவைக் குழுவே மதிப்பிட்டுக் கொடுக்கும் ஸ்டோரி பாயிண்டுக்கும் இதே பதில்தான்.

கோளாறு நேர்ந்தால் சராசரியாக 40 நிமிடத்தில் சேவையை மீட்டுவிடுகிறோம். நல்ல எண் என்றே நினைத்தோம். வாடிக்கையாளர்கள் அப்படிக் கருதவில்லை. (ஆதரவுக் குழுப் பொறியாளர், பெருங்குடி)

டிக்கெட் திறந்த நேரத்திலிருந்து டிக்கெட் மூடிய நேரம் வரை எண்ணியிருப்பீர்கள். கோளாறு உண்மையில் தொடங்கிய நேரத்தை, சேவை தானாக எழுதிவைக்கும் லாகிலிருந்து எடுத்து, அதற்கும் டிக்கெட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தனியாகப் போடுங்கள். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால், உங்களுக்கு முன்பே வாடிக்கையாளர் கோளாறைக் கண்டுபிடிக்கிறார் என்று அர்த்தம். அலாரங்களைத்தான் சீர்செய்ய வேண்டும்.

முடிவிலும் அதே எச்சரிக்கை தேவை. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான கோப்பு சுமார் 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் செயலிழந்த விண்டோஸ் கணினிகள் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம். அவற்றில் பலவற்றை ஆட்கள் நேரில் சென்று ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருந்ததால் வேலை நாட்கணக்கில் நீண்டது. இந்திய விமான நிலையங்களில் அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் கொடுக்கப்பட்டன. 78 நிமிடம் என்பது வெளியிட்டவரின் கடிகாரம். கையெழுத்துப் பாஸுடன் நின்ற பயணியின் கடிகாரம் வேறு. அந்தக் கோப்பை முதலில் சிறு எண்ணிக்கையிலான கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் சேதம் சுருங்கியிருக்கும் என்பதால், உங்கள் வெளியீடுகளில் எத்தனை படிப்படியாகப் போகின்றன என்பதையும் மதிப்பாய்வில் கேளுங்கள்.

பாதுகாப்புச் சம்பவமாக இருந்தால் சட்டத்தின் கடிகாரமும் ஓடும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அறிந்த நேரத்தைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லாத குழு இதற்குக் கணக்குக் காட்ட இயலாது.

ஏஐ உதவியாளர் வந்த பிறகு நிரல் வேகமாகக் குவிகிறது. அதைச் சக டெவலப்பர் படித்து ஒப்புதல் தரும் ரிவ்யூவில்தான் தேங்குகிறது. எதை அளப்பது? (மூத்த டெவலப்பர், போரூர்)

மாற்றம் ஒவ்வொன்றின் அளவையும், முதல் ரிவ்யூ கருத்து வர ஆகும் நேரத்தையும் அளந்து பாருங்கள். டோராவின் 2024 அறிக்கை, ஏஐ பயன்பாடு 25 சதவீதம் கூடும்போது வெளியீட்டு நிலைத்தன்மை 7.2 சதவீதம் குறைவதாக மதிப்பிட்டது. ஒரே தடவையில் போகும் மாற்றங்கள் பெரிதாகிவிடுவது காரணமாக இருக்கலாம் என்றும் கருதியது. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. 50 வரி மாற்றத்தை வாசிப்பவர் கேள்வி கேட்கிறார். 1,500 வரி மாற்றத்தைத் திறப்பவர் ஒப்புதல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆகவே ரிவ்யூ விரைவாக முடிந்தது என்று மகிழ்வதற்கு முன், கருத்து எதுவும் இல்லாமல் ஒப்புதல் பெற்ற பெரிய மாற்றங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்களை அப்ரைசலில் சேர்க்கும்படி மேலிடம் சொல்கிறது. எட்டுப் பேர் கொண்ட என் குழுவுக்கு எப்படி மதிப்பாய்வு நடத்துவது? (புதிதாகப் பொறுப்பேற்ற குழுத் தலைவர், தரமணி)

உங்களால் தடுக்க முடிந்தால் அவசியம் தடுத்துவிடுங்கள். ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் நான் பணியாற்றிய காலத்தில், சோதனையாளர் கண்டுபிடிக்கும் பிழைகளின் எண்ணிக்கையை அவருடைய ஊக்கத்தொகையோடு இணைத்தார்கள். அடுத்த மாதமே லாகின் திரையின் ஒரு குறை ஏழு டிக்கெட்டுகளாகப் பதிவாயிற்று. பிறகு டெவலப்பர் மேல் பதிவாகும் பிழைகளை அவருடைய மதிப்பீட்டில் சேர்த்தார்கள். பிழைகள் டிக்கெட்டிலிருந்து மறைந்து சாட் செய்திகளுக்குக் குடிபெயர்ந்தன. எண் குறைந்தது, மேலிடம் பாராட்டியது, அந்த வெளியீடு எங்களுக்கு மறக்க முடியாத இரவுகளைத் தந்தது. அவர்கள் நேர்மையற்றவர்கள் அல்லர். வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்கள், தங்கள் சம்பளத்தைப் பாதுகாத்துக்கொண்டார்கள். பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் நடந்தது: கட்டுப்படுத்துவதற்காக ஓர் அளவீட்டின் மேல் அழுத்தம் கொடுத்தால், அது அதுவரை காட்டிவந்த உறவு குலைந்துவிடுகிறது.

எட்டுப் பேர் குழுவுக்கு ஒரு மணி நேரம் போதும். தனிநபர் பெயர் இல்லாமல் நான்கு எண்களை மட்டும் முன்வையுங்கள்: கோரிக்கையிலிருந்து பயன்பாடு வரையான நாட்கள், வெளியீடுகளில் திரும்பப் பெறவோ அவசரமாகத் திருத்தவோ நேர்ந்தவற்றின் விகிதம், கோளாறு தொடங்கியதிலிருந்து மீட்பு வரையான நேரம், திறந்திருக்கும் பாதுகாப்புக் குறைகளின் வயது. நாட்கள் குறைந்து வேகம் கூடியிருக்க, திருத்த நேர்ந்த வெளியீடுகளின் விகிதம் உயர்ந்து நிலைத்தன்மை சரிந்திருந்தால், அதைப் பற்றி மட்டுமே பேசுங்கள். கடந்த சுழற்சியில் மிக அதிக நாள் எடுத்த ஒரே ஒரு வேலையைத் திரையில் திறந்து, அது எந்தெந்த நாளில் யாருக்காகக் காத்திருந்தது என்று குழுவையே சொல்லச் சொல்லுங்கள். நான் நடத்திய கூட்டங்களில் பயனுள்ள பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கியது. கூட்டம் முடியும்போது ஒரே ஒரு மாற்றத்தைத் தீர்மானித்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, எந்த எண் எந்தத் திசையில் நகரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தக் குறிப்பை வாசித்துத் தொடங்குங்கள்.